குழந்தை எப்படி யோசிக்கிறது? நீலகிரிப் பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளை தப்பான விடை சொன்னால், அடுத்த நொடியே சரியானதைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். அந்த ஒரு நொடியைத் தள்ளிப்போட்டு, "எப்படிக் கண்ணு கண்டுபிடிச்ச?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான தப்புகளுக்குப் பின்னால், பிள்ளை தானாகவே உண்டாக்கிக்கொண்ட ஒரு விதி இருக்கும். அது தெரிந்தால்தான் அடுத்து எதைக் கற்றுக்கொடுப்பது என்பது தெரியும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்துப் பெற்றோருக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இந்தப் பக்கம்.

எந்த வயதில் என்ன புரியும்?

படிகளின் வரிசை ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றுதான். தேதிதான் ஆளுக்கு ஆள் மாறும். சில மாதங்கள் முன்பின் ஆவது சாதாரணம்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) தன் மூன்று குழந்தைகளையும் வேறு பல பிள்ளைகளையும் கூர்ந்து கவனித்து நான்கு கட்டங்களைச் சொன்னார். பிறந்ததிலிருந்து 2 வயது வரை கையாலும் வாயாலும் கண்ணாலும் உலகை அறிவது. 2 முதல் 7 வரை சொல்லாலும் பாவனை விளையாட்டாலும் யோசிப்பது. ஆனால் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும் ஒன்றிலேயே மனம் நின்றுவிடுவது. 7 முதல் 11 வரை, எதிரில் இருக்கும் பொருளைப் பற்றிக் கோர்வையாகக் காரணம் சொல்வது. அதற்குப் பிறகு, "ஒருவேளை இப்படி இருந்தால்?" என்று இல்லாததையும் வைத்து யோசிப்பது.

இது இன்றும் பயன்படும், இரண்டு திருத்தங்களோடு. கைக்குழந்தைக்கு அவர் நினைத்ததைவிட அதிகம் தெரியும். திரைக்குப் பின்னால் மறைந்த பொருள் அங்கேயே இருக்கிறது என்பதை 5 மாதக் குழந்தைகளும் எதிர்பார்ப்பதை 1985-இல் ரெனே பயார்ஜோன் குழுவினர் காட்டினார்கள். இரண்டாவது, ஒரு பிள்ளை எல்லா விஷயத்திலும் ஒரே படியில் நிற்பதில்லை. தேயிலைக் கொழுந்து எடை போடுவதைத் தினமும் பார்த்து வளரும் பிள்ளை கிலோவுக்கு இவ்வளவு என்றால் கூலி எவ்வளவு என்பதைச் சட்டென்று சொல்லிவிடும். அதே கணக்கு புத்தகத்தில் வந்தால் திருதிருவென விழிக்கும்.

உயரமான டம்ளரில்தான் தண்ணீர் அதிகம் என்று 5 வயது மகள் அடம்பிடிக்கிறாள். விளக்கியும் புரியவில்லையே?

விளக்கினால் புரியாது. வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பிள்ளையே "ரெண்டும் ஒண்ணா இருக்கு" என்று சொல்லும்வரை சொட்டுச் சொட்டாகச் சரிசெய்யுங்கள். பிறகு பிள்ளையின் கண் முன்னாலேயே ஒன்றை அகலமான கிண்ணத்துக்கு மாற்றுங்கள். 4, 5 வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் "டம்ளர்லதான் நிறைய" என்பார்கள். உயரம் கண்ணை இழுத்துவிடுகிறது. அகலம் கூடியதை அதோடு சேர்த்துப் பார்க்க மனதில் இன்னும் இடம் போதவில்லை. 6, 7 வயதில் "ஊத்தினதுதானே, திரும்ப இதுலயே ஊத்தினா அவ்வளவுதான் வரும்" என்று தானே சொல்லும்.

பெரியவர்கள் இங்கே ஒரு தவறு செய்கிறோம். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்கும்போது, முதலில் சொன்னது தப்போ என்று பிள்ளை நினைத்து விடையை மாற்றிவிடும். எனவே மாற்றி ஊற்றிய பிறகு ஒரு முறை மட்டும் கேளுங்கள், "ஏன்?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பாடம் நடத்த வேண்டாம். ஊற்றி விளையாட ஒரு பக்கெட், ஒரு சொம்பு, நாலைந்து பாத்திரம் போதும். குளிர் நாளில் வெதுவெதுப்பான தண்ணீராக இருக்கட்டும்.

3 வயது மகன் வெறுமனே பொய் சொல்கிறானா, மற்றவர் மனது அவனுக்குப் புரிகிறதா?

வர்க்கி பிஸ்கட் கவர் ஒன்றை எடுங்கள். உள்ளே இருந்த வர்க்கியை எடுத்துவிட்டுச் சட்டைப் பட்டன்களைப் போட்டு மூடுங்கள். "இதுல என்ன இருக்கு?" "வர்க்கி!" திறந்து காட்டுங்கள், பட்டன். மறுபடி மூடிவிட்டு, "இப்ப பாட்டி உள்ள வர்றாங்க. அவங்க இதைத் திறந்து பார்த்ததே இல்ல. பாட்டி இதுக்குள்ள என்ன இருக்குன்னு நெனைப்பாங்க?" என்று கேளுங்கள்.

3 வயதுப் பிள்ளை பெரும்பாலும் "பட்டன்" என்றே சொல்லும். இன்னும் வியப்பானது, "நீ முதல்ல என்ன நெனைச்ச?" என்று கேட்டாலும் "பட்டன்" என்று சொல்லிவிடும். சற்று முன் தான் நினைத்ததே மாறிவிட்டது என்பது அதற்குப் பிடிபடவில்லை. 4, 5 வயதில் "பாட்டி வர்க்கின்னு நெனைப்பாங்க" என்று சொல்லிச் சிரிக்கும். இந்த வகைச் சோதனையை 1983-இல் முதலில் வெளியிட்டவர்கள் ஹைன்ஸ் விம்மரும் யோசஃப் பெர்னரும்.

எனவே, கையில் ஜாம் ஒட்டியிருக்க "நான் தின்னல" என்று சொல்லும் 3 வயதுப் பிள்ளையைப் பொய்யன் என்று அடிக்காதீர்கள். உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்பதை அது இன்னும் சரியாகக் கணிக்கவில்லை. "அண்ணன் என்ன நெனைச்சிருப்பான்?", "அக்கா ஏன் கோவிச்சுக்கிட்டா?" என்று மனதைப் பற்றிய பேச்சு நிறையக் கேட்கும் பிள்ளைகளுக்கு இந்தப் படி சீக்கிரம் வருகிறது.

தான் பார்ப்பதையே எல்லாரும் பார்ப்பதாக நினைக்கிறதே?

இதற்குப் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் வைத்த சோதனை மலைக்காரர்களுக்குச் சொந்தம் போல இருக்கும். மேசைமேல் மூன்று மலைகளின் மாதிரி. எதிர்ப்பக்கம் ஒரு பொம்மை. பொம்மைக்கு எந்தக் காட்சி தெரியும்? 4, 5 வயதுப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த படத்தையே காட்டினார்கள். ஆனால் பிற்காலத்தில் வேறோர் ஆய்வில், குறுக்குச் சுவர்களுக்கு நடுவே பொம்மைப் பையனைப் போலீஸ்காரரிடமிருந்து ஒளித்து வைக்கச் சொன்னபோது மூன்றரை வயதுப் பிள்ளைகளும் சரியாகச் செய்தார்கள். ஒளிந்து விளையாடுவது அவர்களுக்குத் தெரிந்த வேலை. மூன்று மலைகளைத் திருப்பிப் பார்ப்பது தெரியாத வேலை. தெரிந்த வேலையாக மாற்றிக் கேட்டால் பிள்ளை இன்னும் நன்றாக யோசிக்கும் என்பதே இதில் நமக்குத் தேவையானது. தொட்டபெட்டாவை ஊட்டியிலிருந்தும் கோத்தகிரிப் பாதையிலிருந்தும் பிள்ளையை வரையச் சொல்லி, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள்.

வீட்டில் படுகு பேசுகிறோம். பள்ளியில் தமிழும் ஆங்கிலமும். பிள்ளை குழம்பாமல் இருக்க வீட்டிலும் தமிழுக்கு மாறலாமா?

மாற வேண்டாம். படுகு, தோடர் மொழி, கோத்தர் மொழி, இருளர் மொழி, குறும்பர் மொழிகள், பணியர் மொழி, கூடலூரில் மலையாளம் என எந்த வீட்டு மொழிக்கும் இதே பதில்தான்.

குழந்தை பிறக்கும்போது ஏறக்குறைய எல்லா மொழிகளின் ஒலிகளையும் பிரித்துக் கேட்கும் காதோடு வருகிறது. 1984-இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்டு டீஸும் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளின் 6–8 மாதக் குழந்தைகள் இந்தியின் 'த', 'ட' வேறுபாட்டைக் கேட்டுப் பிரித்தார்கள். அதே வீடுகளின் 10–12 மாதக் குழந்தைகளில் மிகச் சிலரே பிரித்தார்கள். கேட்காத ஒலிக்குக் காது மங்கிவிட்டது. தோடர் மொழியில் மூன்று வகை 'ர' ஒலிகள் உண்டு. ஒரு மந்தில் (தோடர் குடியிருப்பில்) வளரும் குழந்தைக்கு அவை முதல் வயதிலேயே காதில் பதிகின்றன. பிறகு வகுப்பு வைத்துத் தருவது மிகக் கடினம்.

இரு மொழிப் பிள்ளை ஒரு மொழியில் குறைவாகப் பேசுவதுபோலத் தோன்றும். சொற்களை எண்ணும்போது இரண்டு மொழிகளையும் சேர்த்து எண்ணுங்கள். படுகில் 30, தமிழில் 25 என்றால் அந்தப் பிள்ளைக்கு 55 சொல். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பது குழப்பம் அல்ல. தெரிந்த சொல்லை எடுத்துப் போட்டுக்கொள்கிறது.

பெற்றோர் தடுமாறிப் பேசும் மொழியில் கதையும் கொஞ்சலும் குறைந்துபோகும். இழப்பு அதுதான். ஆசிரியர் செய்யக்கூடியது, முதல் பருவத்தில் பிள்ளையின் வீட்டு மொழியில் 40, 50 சொற்களைக் கற்றுக்கொள்வது: தண்ணீர், பசி, வலி, வா, உட்கார், கழிப்பறை, அம்மா, பயம். பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை மந்தம் என்று முடிவுகட்டாதீர்கள். புது மொழியில் சில மாதங்கள் மௌனமாக இருந்து கேட்பது வழக்கமான ஒரு கட்டம்.

நூறு வரை ஒப்பிக்கிறான். ஐந்து உருளைக்கிழங்கு எடுத்து வா என்றால் கை நிறைய அள்ளி வருகிறான். ஏன்?

ஒப்பிப்பது பாட்டு. எண்ணுவது வேறு வேலை. அதற்கு மூன்று விஷயங்கள் சேர வேண்டும்: ஒரு பொருளுக்கு ஒரு சொல், சொற்கள் எப்போதும் ஒரே வரிசை, கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம். மூன்றாவதுதான் தாமதமாக வரும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. ஒரு கூடையில் 10 கேரட் வையுங்கள். "ஒண்ணு குடு" என்று தொடங்கி, இரண்டு, மூன்று என்று கேளுங்கள். இரண்டரை, மூன்று வயதில் 'ஒன்று' மட்டும் சரியாக வரும். மற்ற எல்லாவற்றுக்கும் அள்ளிக் கொடுக்கும். சில மாதங்கள் கழித்து 'இரண்டு', பிறகு 'மூன்று'. நான்கு வயதையொட்டி ஒரு நாள், எந்த எண் கேட்டாலும் எண்ணிக் கொடுக்கத் தொடங்கிவிடும். உங்கள் பிள்ளை எந்த எண்ணில் நிற்கிறதோ, அதற்கு அடுத்த எண்ணை வைத்து மட்டும் விளையாடுங்கள். 'இரண்டு' தெரிந்த பிள்ளைக்கு மூன்று தட்டு, மூன்று செருப்பு, மூன்று படி. நூறு வேண்டாம்.

தமிழில் ஒரு தனித் தொல்லை உண்டு. எண்பத்தொன்பதுக்கு அடுத்து 'எண்பத்திப்பத்து' என்று பிள்ளை சொன்னால், அது விதியைப் பிடித்துவிட்டது என்று பொருள். தமிழ்தான் அங்கே வளைகிறது. தொண்ணூறில் 'நூறு' ஒளிந்திருக்கிறது, தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' ஒளிந்திருக்கிறது. 90-ஐக் கேட்டதும் 100-க்குத் தாவும் பிள்ளைக்கு, பத்துப் பத்துக் குச்சிகளாக ஒன்பது கட்டு கட்டிக் காட்டி, பெயரைப் பிறகு சொல்லுங்கள்.

விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்காதீர்கள். 3+5-க்கு முதலில் எல்லாவற்றையும் எண்ணும், பிறகு 3-லிருந்து தொடரும், பிறகு பெரிய எண்ணான 5-லிருந்து தொடரும், கடைசியில் விரலே வேண்டாமல் போகும். விரலைப் பிடுங்கினால் நடுப்படிகள் இல்லாமல் வெறும் யூகம்தான் மிஞ்சும்.

கடன் வாங்கிக் கழித்தலில் எல்லாக் கணக்கும் தப்பு. கவனக் குறைவா?

52−27 = 35 என்று எழுதியிருந்தால் அது கவனக் குறைவு அல்ல. 2-லிருந்து 7 போகாது என்று கண்டதும், சிறியதைப் பெரியதிலிருந்து கழித்து 5 போட்டிருக்கிறது. அடுத்து 63−48 என்ன போடும் என்று இப்போதே நீங்கள் சொல்லிவிடலாம்: 25. தப்பை முன்கூட்டிச் சொல்ல முடிந்தால், பிள்ளையிடம் விதி இருக்கிறது. மாற்ற வேண்டியது அந்த விதியை. பத்துக் கணக்கு கூடுதலாகக் கொடுத்தால் தப்பான விதிதான் பழகி உறுதியாகும்.

ஐந்து பத்து ரூபாயும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் கொடுத்து, "27 ரூபாய் குடு" என்று கேளுங்கள். சில்லறை போதாமல் ஒரு பத்தை மாற்ற வேண்டிவரும். மாற்றியதும் நான்கு பத்து, 12 காசு. அதே நேரத்தில் பக்கத்துத் தாளில் 5-ஐ அடித்து 4 எழுதவும் 2-ஐ 12 ஆக்கவும் சொல்லுங்கள். காசும் எழுத்தும் ஒரே கணத்தில் நகர வேண்டும். காசை இன்று, எழுத்தை நாளை என்று பிரித்தால் இரண்டும் ஒட்டாது.

இரண்டாம் வகுப்பு முடிந்தும் தமிழ் எழுத்துகள் முழுதாக வரவில்லை. பின்தங்கிவிட்டாளா?

247 எழுத்துகளைக் கொண்ட வரிவடிவம் இது. கன்னடம் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இப்படிப்பட்ட எழுத்துமுறையில் முழுத் தேர்ச்சி நான்காம் வகுப்பு வரைகூட நீளும் என்று 2007-இல் காட்டினார். ஆங்கிலத்தின் 26 எழுத்தோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

எங்கே சறுக்குகிறது என்று பாருங்கள். 'கெ' என்று சொல்லும்போது முதலில் க் வருகிறது, பிறகு எ வருகிறது. எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னால் வந்துவிடுகிறது. காது ஒரு வரிசை, கை ஒரு வரிசை. 'கொ' இன்னும் கடினம். கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் மறுபக்கம். பல பிள்ளைகள் கொம்பைப் போட்டுவிட்டுக் காலை மறந்து 'கொடி'யைக் 'கெடி' ஆக்குவது இதனால்தான். உகர, ஊகார வரிசையில் கு, சு, து, பு என்று வடிவமே மாறிக்கொண்டிருக்கும். மெய்யெழுத்தின் புள்ளியும், துணைக்காலும், இகர ஈகாரக் குறிகளும் சீக்கிரம் பிடிபடும்.

அதனால் வரிசையை இப்படி வையுங்கள். ட, ப, ம மூன்றே எழுத்தும் புள்ளியும் இருந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் படித்துவிடலாம். பிறகு துணைக்கால், அடுத்து இ, ஈ, அடுத்து கொம்புகள், அதற்கடுத்து ஒ, ஓ, கடைசியில் உ, ஊ. ஒவ்வொரு குறிக்கும் குறைந்தது ஒரு வாரம். க முதல் ன வரை முழு அட்டவணையை ஒப்பிப்பது மனப்பாடத்துக்கு உதவும், படிப்பதற்கு அதிகம் உதவாது. ல-ள-ழ, ர-ற, ந-ன-ண குழப்பங்கள் வேறு வகை. ழகரமும் றகரமும் வாயிலேயே தாமதமாகத்தான் வரும். காதில் பிரியாததை எழுத்தில் திருத்திப் பயனில்லை.

தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் ஒன்றில் இருக்கும். அது மதிப்பெண் அல்ல. இப்போது எங்கிருந்து தொடங்குவது என்பதற்கான குறிப்பு. வகுப்பாசிரியரிடம் "எந்தக் குறியில் நிற்கிறாள்?" என்று கேளுங்கள், பதில் குறிப்பாக வந்தால் வீட்டில் உதவுவது எளிது.

எல்.கே.ஜி.யிலேயே வரி வரியாக எழுத வைக்கலாமா?

வேண்டாம். 3 வயதில் மாவு உருட்டுவது, பட்டாணி உரிப்பது, துணிக் கிளிப் மாட்டுவது, தரையில் சாக்பீஸால் பெரிதாகக் கிறுக்குவது போதும். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி எழுதுவது 7 வயது வரை சாதாரணம்.

வீட்டுப்பாடத்தில் எவ்வளவு உதவலாம்?

தனியாகச் செய்ய முடியாததை, ஒருவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளை செய்துவிடும் ஓர் இடைவெளி உண்டு. கற்றல் நடப்பது அங்கேதான் என்றார் ருஷ்ய உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி (1896–1934). உதவியைச் சிறிதிலிருந்து கூட்டுங்கள். முதலில் 10 விநாடி சும்மா இருங்கள். பிறகு "என்ன கேட்டிருக்காங்க?" என்று வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு சின்னக் குறிப்பு. பிறகு முதல் அடியை மட்டும் நீங்கள் செய்யுங்கள். முழுவதையும் செய்து காட்டுவது கடைசி. அடுத்த நாள் அதே வகைக் கணக்கில் ஒரு படி குறைத்து உதவுங்கள். 5 வயதுப் பிள்ளை கேட்டதும் திருப்பிச் சொல்லக்கூடியது சுமார் 4 எண்கள்தான். "பையை வை, கை கழுவு, ஸ்வெட்டர் போடு, நோட்டை எடு" என்று ஒரே மூச்சில் சொன்னால் கடைசி இரண்டும் போய்விடும். அது கீழ்ப்படியாமை இல்லை.

படித்ததை அடுத்த வாரமே மறந்துவிடுகிறான்.

ஒரே நாளில் 40 நிமிடம் படிப்பதை நான்கு நாளாகப் பத்துப் பத்து நிமிடமாக உடையுங்கள்: இன்று, நாளை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து. ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். பிறகு திறந்து சரிபார்க்கட்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதில் தெரிந்தது போன்ற உணர்வு வரும், நினைவு அவ்வளவாக நிற்காது. தூக்கத்தைக் குறைத்துப் படிக்க வைப்பது நஷ்டம். 3–5 வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10–13 மணி நேரம், 6–12 வயதுக்கு 9–12 மணி நேரம் வேண்டும்.

மழையும் பனியுமாக வெளியே விட முடியவில்லை. ஃபோன் கொடுக்கலாமா?

2 வயது வரை வேண்டாம். தொலைவில் இருக்கும் அப்பாவோடு வீடியோவில் பேசுவது மட்டும் விலக்கு. 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல். சின்னக் குழந்தை சொல் கற்பது, தான் காட்டியதற்குப் பதில் சொல்லும் ஆளிடமிருந்து. திரை பதில் சொல்லாது.

குளிருக்குப் பிள்ளைக்கும் டீ கொடுக்கிறோம். படிப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, இந்த ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டீயில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் கீரை, பருப்பு, ராகியில் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இரும்புச்சத்து குறைந்த பிள்ளைக்குக் கவனம் நிற்காது, சீக்கிரம் சோர்ந்துவிடும். ஐந்து வயதுக்குள் டீயே வேண்டாம். சூடாக வேண்டுமென்றால் பாலோ ராகிக் கஞ்சியோ கொடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கும் சாப்பாட்டுக்கு முன்பின் ஒரு மணி நேரம் விடுங்கள். சாப்பாட்டோடு நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். 5–9 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் வாரம் ஒன்று தரும் இளஞ்சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையையும், குடற்புழு நீக்க மாத்திரையையும் தவறவிடாதீர்கள்.

அடுத்தது உப்பு. காலங்காலமாக மழை அடித்துச் செல்லும் மலை மண்ணில் அயோடின் குறைவு. கர்ப்பத்திலும் முதல் ஆண்டுகளிலும் அயோடின் போதாவிட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கும். பின்னால் கொடுத்து முழுதாக ஈடுகட்ட முடியாது. பாக்கெட்டில் அயோடின் குறி இருக்கிறதா பாருங்கள், மூடியுள்ள டப்பாவில் அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள், சமையல் இறக்கும் நேரத்தில் உப்புப் போடுங்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள்: 12 மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, அதே வயதில் கைநீட்டிக் காட்டுவதோ டாட்டா காட்டுவதோ இல்லாதது, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாதது, 2 வயதில் "அம்மா வா" போல இரண்டு சொல் சேராதது, எந்த வயதிலானாலும் வந்த பேச்சோ பழக்கமோ திரும்பப் போவது. இரு மொழி வீடு என்பது இவற்றில் எதற்கும் காரணம் ஆகாது.

முதலில் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்காலச் சளிக்குப் பிறகு நடுக்காதில் நீர் தங்கினால் வாரக்கணக்கில் காது மந்தமாக இருக்கும். பிள்ளை கவனிப்பதில்லை என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம். முதுகுப் பக்கமிருந்து மெல்லிய குரலில் கூப்பிட்டுப் பாருங்கள். டி.வி. சத்தத்தை அடிக்கடி கூட்டுவது, கூப்பிட்டவரின் வாயையே பார்ப்பது, "என்ன, என்ன" என்பது எல்லாம் அடையாளங்கள்.

2013 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வரும். எப்போது வருகிறது என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு வையுங்கள். அதற்குள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்தெந்தச் சொல், எந்த மொழியில், எந்த மாதத்தில் முதலில் வந்தது, எதைக் கேட்டால் திரும்புகிறது, எதற்குத் திரும்பவில்லை. வீட்டில் விளையாடும்போது இரண்டு நிமிட வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் பிள்ளை வாயே திறக்காமல் போகலாம். அப்போது டாக்டருக்குக் காட்ட அது வேண்டும்.